அரச காட்டைப் பங்கு பிரித்தவர்கள்

பொழுது சாய்வதற்குள் ஒரு காட்டை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். அதற்காகத்தான் பகீரதனும் தயாபரனும் அந்த அக்டோபர் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காடு இருவருக்குமே சொந்தமில்லை. டொராண்டோவிலிருந்து மூன்றரை மணி நேரம் வடக்கே, ஒரு நீண்ட ஏரியின் அக்கரையில் கிடந்த அரச காடு அது. வேட்டை உரிமம் வைத்திருக்கும் எவரும் போகலாம். வேலி கிடையாது, காவல் கிடையாது, உறுதிப்பத்திரம் கிடையாது. ஆனால் யாழ்ப்பாணத்தானைக் கொண்டுபோய்ச் சந்திரனில் இறக்கினாலும் முதல் வேலையாக வேலிக்குக் கதியால் கம்பு நட இடம் பார்ப்பான். இவர்கள் கையில் கதியாலுக்குப் பதிலாக நில அளவைக்காரர்கள் கட்டும் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் நாடா நான்கு சுருள் இருந்தது.

தயாபரன் முன்னால் இருந்து துடுப்புப் போட்டான். பகீரதன் பின்னால் இருந்து திசை பிடித்தான். மூன்று வருடமாக அந்த ஒடுங்கிய படகில் அவர்கள் உட்காரும் ஒழுங்கு அதுதான். தயாபரன் பகீரதனின் மனைவி கௌசலாவின் தம்பி. மனைவி என்ற சொல்லுக்கு இனி மூன்று நாள்தான் ஆயுள். செவ்வாய்க்கிழமை வக்கீல் அலுவலகத்தில் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்து.

பன்னிரண்டு வருடக் கல்யாணம். பிள்ளை இல்லை. பெரிய சண்டை இல்லை. போகப்போகப் பேச்சும் இல்லை. ஜூலை மாதம் ஒருநாள் கௌசலா இரண்டு பெட்டியோடு வாசலில் நின்று, தான் வேறு வீடு எடுத்திருப்பதாகச் சொன்னாள். பகீரதன் பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொடுத்தான். அதன்பிறகு வீட்டுச் சாமான் முழுக்கப் பிரிந்துபோனது. இடியப்ப உரல் அவளோடு போயிற்று, பெரிய தொலைக்காட்சி இவனோடு நின்றது. எது போனாலும் பகீரதன் வாய் திறக்கவில்லை. தயாபரன் மட்டும் போய்விடக்கூடாது என்ற ஒரே எண்ணம்தான் அவனுக்கு இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், அந்தப் பெரிய நகரத்தில், சனிக்கிழமை என்றால் தேடி வருகிற ஒரே மனிதன் அவன்தான்.

அந்தத் தயாபரன்தான் போன வாரம் தொலைபேசியில் இந்தப் பங்கு பிரிப்பு யோசனையைச் சொன்னான். இனிமேல் சேர்ந்து வேட்டைக்கு வருவது சரிவராதாம், அக்காவின் மனம் நோகுமாம். அதனால் காட்டை ஓர் எல்லை போட்டுப் பிரித்தால், நவம்பரில் வேட்டைக் காலம் திறக்கும்போது இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் தங்கள் பக்கத்தில் வேட்டையாடலாமாம். பகீரதன் உடனே சரி என்றான். நாடா கட்டி முடிக்க முழுநாள் பிடிக்கும் என்று அவன் மனம் அதற்குள் கணக்குப் போட்டிருந்தது. இன்னும் ஒரு முழுநாள் தயாபரனோடு கிடைக்கிறதே!

ஆனால் தயாபரன் இந்த முறை தன் காரில் தனியாக வந்திறங்கினான். மூன்று வருடத்தில் அப்படி வந்தது அதுவே முதல் தடவை.

இவர்கள் ஒன்றும் பரம்பரை வேட்டைக்காரர்கள் அல்ல. ஒருவன் கிடங்கில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். மற்றவன் பல் வைத்தியசாலைகளுக்கு நாற்காலி பழுதுபார்க்கிறவன். ஏதோ ஓர் உற்சாகத்தில் பாதுகாப்புப் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்கியவர்கள். முதல் வருடம் முள்ளம்பன்றி கடித்த மரத்தைப் பார்த்து மான் கொம்பு உரசிய மரம் என்று நம்பி, அதன் எதிரே மூன்று சனிக்கிழமை மூச்சுக் காட்டாமல் காவல் இருந்தார்கள். முயல் புழுக்கையை மான்குட்டியின் புழுக்கை என்று நினைத்து, பகீரதன் அதை ஒரு மாத்திரைக் குப்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனான். கௌசலா அதைத் திறந்து பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தானோ என்று இப்போது அவனுக்குத் தோன்றியது.

மெல்ல மெல்லத்தான் கண் திறந்தது. கொம்பு உரசினால் பட்டை கீழிருந்து மேலாகக் கிழிந்து தொங்கும். ஆண்மான் முன்காலால் நிலத்தைக் கிளறி, அதன் மேலே தொங்கும் கிளையை வாயால் கடித்துத் தன் வாசனையை விட்டுப்போகும். மான் படுத்து எழும்பிய இடத்தில் சருகு முட்டை வடிவில் அமுங்கியிருக்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாராமல் ஓரடியும் வைக்கக்கூடாது. இப்படிப் படித்துப் படித்துத்தான், இந்தக் காட்டில் ஒரு பெரிய ஆண்மான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதை ஒரு தரமும் கண்ணால் கண்டதில்லை. தடம் மட்டும்தான். அந்தத் தடத்தின் அளவைப் பார்த்து மரியாதையாகப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தார்கள். எங்கே எந்த அடையாளம் கண்டாலும் தயாபரன் கைபேசி வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி குத்திவைப்பான். புதையல் வரைபடம் என்று அதைச் சொல்லலாம். புதையலுக்கு நாலு கால் இருந்ததுதான் தொல்லை.

அக்கரையில் படகை ஏற்றிவிட்டு, ஓடை வாயிலிலிருந்து எல்லையைத் தொடங்கினார்கள். மேற்கே பகீரதன் பங்கு, கிழக்கே தயாபரன் பங்கு. இருபது அடிக்கு ஒரு மரத்தில் நாடா கட்டிக்கொண்டே ஓடையோரமாக மேலே நடந்தார்கள். மரத்தைப் பல்லால் அறுக்கும் பீவர்கள் மரக்கொம்பும் சேறும் குழைத்துக் கட்டிய அணை ஒன்று குறுக்கே வந்தது. அதைக் கடந்துதான் மேட்டுக்கு ஏறவேண்டும்.

அணையின் நடுவில் தயாபரன் கால் வைத்த கொம்பு முறிந்தது. அடுத்த கணம் அவன் தொடை வரைக்கும் சேற்றுக்குள் போய்விட்டான்! காலை இழுக்க இழுக்க மற்றக் காலும் இறங்கியது. அக்டோபர் மாதத்துத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். பகீரதன் கிடந்த ஒரு காய்ந்த மரத்தைத் தள்ளிக்கொண்டுபோய் அதன்மேல் குப்புறப் படுத்து, தயாபரனின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தான். ஆடாதே, முதுகைச் சாய்த்துப் படு என்று சொல்லிச் சொல்லி, அங்குலம் அங்குலமாக இழுத்தான். சப்பாத்து சேற்றில் நின்றுவிட்டது. தோள்வரை கையை விட்டுத் துழாவி அதையும் எடுத்துக் கொடுத்தான். தன் பையிலிருந்த மாற்றுக் காலுறையையும் கொடுத்தான்.

தயாபரன் அதை வாங்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில் அவன் நிலை அதுதான் என்று பகீரதன் நினைத்தான். பாவம் என்றும் நினைத்தான். பாவம் அவன் என்பது சரி. காரணம் வேறு என்பது பகீரதனுக்கு இன்னும் தெரியவில்லை.

மேட்டில் ஏறியதும் இரண்டுபேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். வயிரம் பாய்ந்த ஒரு கேதுரு மரம், தொடைப் பருமன். இடுப்பு உயரத்துக்குப் பட்டை கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தது. பகீரதன் விரலால் தொட்டான். பிசின் ஈரமாக ஒட்டியது. பத்தடி தள்ளிக் கிளறிய மண், ஒரு பாய் அளவு. அதன் நடுவில் ஒரு குளம்படி. நான்கு விரலை மடக்கி வைத்தாலும் அதை நிரப்பவில்லை. ஓரத்து மண் இன்னும் உள்ளே சரிந்து விழவில்லை.

"அத்தான், ஆள் கிட்டத்தான் நிக்கிறார்" என்று தயாபரன் காதோடு சொன்னான்.

மூன்று வருடத்தில் கற்ற பாடம் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னது. வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பிப் போ. நவம்பர் வரை இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. வேறு எந்த வேட்டைக்காரனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். இவர்களுக்கோ எல்லை பாதியில் நின்றது! பாதியில் விட்ட வேலியை விட யாழ்ப்பாணத்து மனதுக்கு நிம்மதி இல்லாத பொருள் உலகத்தில் வேறில்லை. காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து மேட்டை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. அதை இருவருமே கவனிக்கவில்லை.

மேட்டின் உச்சியில் ஓக் மரங்கள் ஏழெட்டு நின்றன. கொட்டை கொட்டிக் கிடந்தது. பெரியவரின் சாப்பாட்டுக் கடை அதுதான். இந்த உச்சி யார் பக்கம்? தயாபரன் நாடாவை ஓக் மரங்களுக்குக் கிழக்கே கட்டினான், உச்சி பகீரதனுக்குப் போகட்டும் என்று. பகீரதன் அதை அவிழ்த்து மேற்கே கட்டினான், அது தயாபரனுக்கே இருக்கட்டும் என்று. தயாபரன் திரும்ப அவிழ்த்தான். ஊரில் ஒரு முழ நிலத்தை எடுக்கத்தான் சண்டை பிடிப்பார்கள். இவர்கள் கொடுக்கச் சண்டை பிடித்தார்கள். நாடாவின் இரண்டு தலைப்பும் இருவர் கையில் இருக்க, குரல் ஏறிக்கொண்டே போயிற்று. நீதானே முதல் வருடம் இந்த மேட்டைக் கண்டுபிடித்தாய், உனக்குத்தான் நியாயம் என்று பகீரதன் நாடாவை இழுத்தான்.

"உங்களிட்டை இனி என்னாலை ஒண்டும் வாங்கேலாது அத்தான்" என்று தயாபரன் கத்தினான்.

"ஏன்? கொக்கா வேண்டாமெண்டு சொன்னவவோ?"

"அக்கா ஒண்டும் சொல்லேல்லை. காட்டுக்குப் போகாதை எண்டும் சொல்லேல்லை. அது நான் சொன்ன பொய்." தயாபரன் நாடாவைக் கைவிட்டான். "எனக்கு ஏப்ரல்லை இருந்து தெரியும். அக்காவை வீடு பாக்கக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான்."

பகீரதன் மாதங்களை எண்ணினான். ஏப்ரல், மே, ஜூன். அந்த மூன்று மாதத்தில் ஒரு சனிக்கிழமைகூட அவர்கள் தவறவிட்டதில்லை. கௌசலா விடியற்காலை எழும்பி இரண்டுபேருக்கும் புட்டு அவித்துப் பொதி கட்டித் தருவாள். இதே மேட்டில் உட்கார்ந்து, ஒரே வாழையிலையில் இரண்டுபேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் ஒருவர் அல்ல, இரண்டு பேர். மறைத்த சோற்றை அவன் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறான். கௌசலா பெட்டியோடு நின்ற அன்றைக்குக்கூட இந்த வலி வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ பலமாக மூக்குச் சிந்தியது போன்ற சீறல்!

நாற்பதடியில், விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னாலிருந்து பெரியவர் எழுந்தார். இவ்வளவு நேரமும் அவர் அங்கேதான் படுத்திருந்தார். இவர்களின் வியர்வையை மோந்துகொண்டு, குடும்பக் கதையையும் சேர்த்தே கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். காளைமாட்டுக் கழுத்து. ஒரு பக்கக் கொம்பில் மட்டும் ஐந்து கிளை. ஒரு நொடி நின்று இருவரையும் பார்த்தார். பிறகு வெள்ளை வாலை உயர்த்தி ஒரே தாவலில் ரோஸ் நாடாவைத் தாண்டிப் பாய்ந்து கீழே மறைந்தார். மூன்று வருடம் தேடிய புதையலை மூன்று மூச்சு விடும் நேரம்தான் பார்த்தார்கள்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டுபேரும் தடத்தில் இறங்கினார்கள். தடம் தொலையாமல் போவதற்கு ஒரு முறை உண்டு. கடைசியாகக் கண்ட குளம்படியில் ஒருவன் நகராமல் நிற்கவேண்டும். மற்றவன் முன்னால் போய் அடுத்ததைத் தேடவேண்டும். கண்டதும் கை உயர்த்துவான், நின்றவன் அங்கே வருவான். பகீரதன் நின்றான், தயாபரன் தேடினான். தயாபரன் கை உயர்த்தினான், பகீரதன் போனான். சருகு பிரண்ட இடம், பாசி கிழிந்த கல், சேற்றில் விரிந்து பதிந்த இரட்டைக் குளம்பு. ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை இல்லாமல் அப்படியே போனார்கள். பகீரதனுக்கு மான் வேண்டியிருக்கவில்லை. இந்தத் தடம் மட்டும் முடியக்கூடாது, இன்றைக்கு முழுக்க, நாளைக்கும் போய்க்கொண்டே இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அவன் இன்னும் கை உயர்த்துகிறானே, நான் இன்னும் அவனிடம் போகிறேனே என்று இருந்தது.

தடம் ஏரிக்கரையில் முடிந்தது. கரையோரத் தண்ணீர் இன்னும் கலங்கியிருந்தது. வளைகுடாவின் நடுவில் இரண்டு கொம்பு மட்டும் நீந்திப் போய்க்கொண்டிருந்தன. வளைகுடாவின் மறுபக்கத்தில் இருந்தது ஒரு தனியார் நிலம். உள்ளே வராதே என்று மரத்துக்கு மரம் பலகை அடித்திருந்தார்கள். பெரியவர் அங்கே கரையேறி, உடம்பைச் சிலிர்த்து, மெல்ல நடந்து போனார். படுக்கையிலேயே இப்படி விரட்டப்பட்ட கிழட்டு மான் அந்த வருடத்துக்குத் திரும்பாது. அதையும் அவர்கள் படித்திருந்தார்கள்.

"நான் கோவிக்கேல்லை, தயா" என்றான் பகீரதன்.

"கோவிச்சால் எனக்குச் சுகமாயிருக்கும். நீங்கள் சேத்துக்குள்ளை கையை விட்டு என்ரை சப்பாத்தை எடுத்துத் தாறியள்." தயாபரன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உங்கடை முகத்தைப் பாக்கேக்கை எல்லாம் அந்த மூண்டு மாசம்தான் வருது. அக்காவும் பாவம் அத்தான். அவவும் தனியத்தான் இருந்தவ."

பகீரதன் தலையாட்டினான். அது உண்மை என்று அவனுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தும் அவளைத் தனியாக விட்டவன் அவன்தான்.

"அடுத்த சனிக்கிழமை வருவியோ?"

"இல்லை அத்தான்" என்றான்.

படகில் திரும்பி வந்தார்கள். காற்று கிளம்பி அலை எழும்பத் தொடங்கியிருந்தது. ஐந்து மணிக்குத் தயாபரனின் மகளுக்கு நடன வகுப்பு, கூட்டிப்போகவேண்டும். படகு உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான். கார் கிளம்பிய பிறகு பகீரதனின் கைபேசி மணியடித்தது. தயாபரன் தன் வரைபடத்தை அனுப்பியிருந்தான். மூன்று வருடத்துச் சிவப்புப் புள்ளி அத்தனையும் அதில் இருந்தது. எல்லை, பங்கு எல்லாம் போய், முழுக் காடும் பகீரதனுக்கே வந்துவிட்டது. இப்படிப் பங்கு கிடைத்தவனை ஊரில் வென்றவன் என்பார்கள்.

அவனும் வீட்டுக்குக் கிளம்பத்தான் பார்த்தான். ஆனால் நாடா முழுவதும் அக்கரையில் மரத்தில் தொங்குகிறது. எல்லோருக்கும் பொதுவான காட்டில் தன் குப்பையை விட்டுப்போக மனம் கேட்கவில்லை. படகைத் திரும்பத் தண்ணீரில் தள்ளிப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். முன்பக்கத்தில் ஆள் இல்லாததால் படகின் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. காற்று அதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக் கரையில் கொண்டுவந்து போட்டது. மறுபடியும் தள்ளினான். மறுபடியும் சுற்றியது. மூன்றாம் தடவை படகு சரிந்து இடுப்புவரை நனைந்தான். மூன்று வருடத்தில் இந்தப் படகில் தனியாகப் போக வேண்டி வந்ததே இல்லை, அதனால் அவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

கரையில் இறங்கிக் கல் பொறுக்கினான். தூக்கக்கூடிய பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்கிவந்து, தயாபரன் உட்காரும் பலகையின் அடியில் ஒவ்வொன்றாக அடுக்கினான். ஐந்து கல் வைத்தும் மூக்கு இறங்கவில்லை. ஏழாவது கல்லுக்குத்தான் படகு நேரானது. அந்த ஏழாவது கல்லை வைக்கும்போது அவனுக்கு அழுகை வந்தது. ஜூலையில் வராத அழுகை. கல்லைப் பிடித்தபடியே குனிந்து நின்று அழுது முடித்தான்.

பிறகு ஏறித் துடுப்பைப் போட்டான். அலை பக்கவாட்டில் அடித்தது. படகு ஆடியது, ஆனால் சுற்றவில்லை. நேராகப் போய் அக்கரை சேர்ந்தான். அணையைக் குனிந்து தவழ்ந்து கடந்தான். மேட்டின் உச்சிவரை ஏறி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினான். வெளிச்சம் இருக்கும்போதே ஏரியைத் திரும்பக் கடந்தான். தனி ஆளாக அந்த ஏரியை, அந்தக் காற்றில், இரண்டு தரம் கடந்திருக்கிறான். நியாயமாகப் பார்த்தால் அது ஒரு வீரச் செயல். சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை.

காட்டில் மனிதன் தனியாகப் போகலாம். ஆனால் இருந்தவனின் பாரத்துக்கு ஈடாக எதையாவது ஏற்றிக்கொண்டுதான் போகமுடியும். அன்று பகீரதன் படித்த பாடம் அவ்வளவுதான். படகைக் காரின் மேல் ஏற்றுவதற்கு முன் அவன் ஏழு கல்லையும் இறக்கினான். தூக்கி எறியவில்லை. கரையில் நின்ற ஓர் ஊசியிலை மரத்தின் அடியில், வெளியே தெரியாமல், வரிசையாக அடுக்கி வைத்தான். அடுத்த சனிக்கிழமை தனியாக வரும்போது கல் தேடி அலையக்கூடாது அல்லவா.